விண்மீன் உலையை அளந்தவர்

நாள்தோறும் கீழ்வானில் எழுந்து உலகிற்கு ஒளியும் வெம்மையும் ஈந்து வருகின்றது ஞாயிறு. அதன் கதிர் பட்டே பயிர் விளைகின்றது, கடல்நீர் முகிலாகின்றது, முகில் மழையாகின்றது. தொன்றுதொட்டு மக்கள் ஞாயிற்றைப் போற்றித் தொழுது வந்துள்ளனர். ஆயினும், எதனை எரித்து அஃது இவ்வளவு வெப்பத்தைத் தருகின்றது என்பது மிக அண்மைக் காலம் வரையில் எவர்க்கும் விளங்காத புதிராகவே இருந்தது. ஞாயிறு முழுவதும் நிலக்கரியாக இருந்தாலும் சில ஆயிரம் ஆண்டுகளில் அஃது எரிந்து சாம்பலாகியிருக்கும். நம் நிலவுலகின் பாறைகளோ பல நூறு கோடி ஆண்டு முதுமை உடையவை. அப்புதிருக்கு அறிவினால் விடை கண்டோர் சிலர். அவ்விடை மெய்யோ பொய்யோ என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டியவருள் முதன்மையானவர் வில்லியம் ஆல்பிரெட் ஃபவுலர் என்னும் அமெரிக்க அறிஞர் ஆவார்.

பிறப்பும் இளமையும்

ஃபவுலர், 1911 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9 ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தைச் சார்ந்த பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் கணக்கர் தொழில் புரிந்தவர். ஃபவுலருக்கு இரண்டு வயது ஆனபோது, அவர்தம் குடும்பம் ஒகையோ மாநிலத்து லைமா என்னும் ஊரில் குடியேறியது. லைமா, இருப்புப்பாதைகள் பல வந்து கூடும் ஊர். நீராவிப் பொறிகளைச் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்றும் ஆங்கு இருந்தது. சிறுவராகிய ஃபவுலர் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் புகைவண்டி நிலையத்தருகே சென்று, பெட்டிகளை இழுத்தும் தள்ளியும் கோக்கும் பொறிகளைக் கண்கொட்டாது நோக்கி நிற்பார். அன்று கொண்ட அவ்வீடுபாடு அவர்தம் வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. சைபீரியாவின் நெடிய இருப்புப்பாதையில் பயணம் செய்வதற்கென்றே அவர் 1973 ஆம் ஆண்டில் சோவியத்து நாட்டிற்குச் சென்றார். அவர்தம் அறுபதாம் பிறந்தநாளில் மாணவரும் நண்பரும் கூடி அவருக்கு அளித்த பரிசு, மெய்யாகவே ஓடக்கூடிய சிறிய நீராவிப் பொறி ஒன்றாகும்.

பள்ளியில் பயிலுங்கால், சிமெண்டு செய்யும் முறையைப் பற்றி ஃபவுலர் எழுதிய கட்டுரை பரிசு பெற்றது. அதனால் ஊக்கமுற்ற அவர், சுட்ட மண்பொருள்களைப் பற்றிய பொறியியலைக் கற்கும் எண்ணத்துடன் ஒகையோ மாநிலப் பல்கலைக் கழகத்திற் சேர்ந்தார். அங்கே புதிய இயற்பியலின் சுவையை அறிந்தபின், இயற்பியற் பொறியியலுக்கு மாறினார். அஃது அமெரிக்க நாடு எங்கும் பொருளாதார வீழ்ச்சியால் மக்கள் அல்லலுற்ற காலம். ஃபவுலர் தம் படிப்புச் செலவிற்காக உணவு பரிமாறினார், ஏனங்களைக் கழுவினார், வீட்டு உலைகளுக்குக் கரி இட்டார், சனிக்கிழமைகளில் கொலம்பஸ் நகரச் சந்தையில் இறைச்சியும் பாலாடைக் கட்டியும் அறுத்து விற்றார். உழைப்பிற்கு நாணாத அவ்விளைஞர் 1933 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

ஆசிரியரும் ஆய்வுக்கூடமும்

பட்டம் பெற்ற ஃபவுலர், கலிபோர்னியா மாநிலத்துப் பாசடீனா நகரில் உள்ள கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தை அடைந்தார். அங்குக் கெல்லாக் கதிரியக்க ஆய்வுக்கூடம் என்றொரு கூடம் இருந்தது. சோளப்பொரி உணவு விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டிய கெல்லாக் என்பாரின் நன்கொடையால் எழுந்தது அது. புற்றுநோய்க்கு எக்ஸ் கதிர் கொண்டு மருத்துவம் செய்தற்பொருட்டு முதலில் அமைந்த அக்கூடம், பின்னர் அணுக்கரு ஆராய்ச்சிக்குரிய இடமாயிற்று. அதன் தலைவர் சார்லஸ் லாரிட்சன் என்பார், டென்மார்க்கு நாட்டிற் பிறந்தவர். கருவிகளைத் தம் கையாலேயே அமைப்பதில் வல்லவர். ஃபவுலர் அவரையே தம் ஆசிரியராகக் கொண்டார். அவரிடம் பயின்று 1936 ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றபின், வேறிடம் நாடாது அக்கழகத்திலேயே தம் வாழ்நாளைக் கழித்தார்.

அந்நாளில் கெல்லாக் அறிஞர்கள் புரோட்டான்களை மின்னாற்றலால் விரைவுபடுத்தி, கார்பன், நைட்ரஜன் முதலிய இலேசான தனிமங்களின் மீது மோதவிட்டு, விளைவுகளை ஆராய்ந்து வந்தனர். அணுக்கருவின் இயல்பை அறிவதன்றி வேறு நோக்கம் அவர்க்கு இல்லை. 1939 ஆம் ஆண்டில் ஹான்ஸ் பெத்தே என்னும் அறிஞர் அரியதோர் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டார். விண்மீனின் நடுவே நான்கு ஹைட்ரஜன் கருக்கள் கூடி ஒரு ஹீலியம் கரு ஆகின்றன என்றும், அப்போது சிறிது பொருண்மை குறைந்து ஆற்றலாக வெளிப்படுகின்றது என்றும், அவ்வினை நிகழக் கார்பனும் நைட்ரஜனும் துணை நிற்கும் வழி ஒன்று உண்டு என்றும் அவர் விளக்கினார். அதனைக் கற்ற கெல்லாக் அறிஞர்கள் பெருவியப்பு எய்தினர். தாம் பாசடீனாவில் ஒரு கூடத்தினுள் நிகழ்த்திவரும் வினைகளே விண்மீன்களின் நெஞ்சகத்திலும் நிகழ்கின்றன என்பதை அவர்கள் உணர்ந்தனர். ஃபவுலரின் வாழ்க்கைப் பாதையை வகுத்த நிகழ்ச்சி அது.

ஆயினும், அப்பாதையில் உடனே செல்லக் காலம் இடந்தரவில்லை. இரண்டாம் உலகப்போர் மூண்டது. கெல்லாக் கூடம் கடற்படைக்குரிய ஏவுகணைகளை ஆக்கும் பணியில் ஈடுபட்டது. ஃபவுலரும் அப்பணியாற்றி, 1944 ஆம் ஆண்டில் தென் பசிபிக்குப் போர்க்களங்களுக்கும் சென்று வந்தார்.

அரிய அளவீடு

போர் முடிந்தபின், அணுக்கரு அறிஞர் பலரும் மேன்மேலும் மிக்க ஆற்றலை உண்டாக்கும் பெரும்பொறிகளை அமைக்க விரைந்தனர். லாரிட்சனும் ஃபவுலரும் எதிர்த்திசையில் நடந்தனர். விண்மீன்களில் நிகழும் வினைகள் குறைந்த ஆற்றலில் நிகழ்பவை. ஆதலின் குறைந்த ஆற்றலிலேயே அவற்றை அளத்தல் வேண்டும் என்று அவர்கள் உறுதிகொண்டனர். குறைந்த ஆற்றல் என்றவுடன் எளிய செயல் என்று எண்ணிவிடலாகாது. ஆற்றல் குறையக் குறைய அளவீடு அரிதாகும்.

அதன் காரணம் வருமாறு: அணுக்கருக்கள் எல்லாம் நேர்மின்னூட்டம் உடையவை. ஆகவே, ஒன்றையொன்று நெருங்குங்கால் விலக்கித் தள்ளுகின்றன. அவற்றிடையே மலைபோல் ஒரு தடை நிற்கின்றது. புரோட்டான் ஒன்று கார்பன் கருவை அடைவதற்குக் கடக்கவேண்டிய மலையின் உயரம் ஏறத்தாழ 20 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆகும். ஞாயிற்றின் நடுவில் வெப்பநிலை ஒன்றரைக் கோடி டிகிரி. அத்துணை வெப்பத்திலும் அங்குள்ள துகள் ஒன்றின் ஆற்றல் பொதுவாக ஓராயிரம் அல்லது ஈராயிரம் எலக்ட்ரான் வோல்ட் அளவே. மலையின் உச்சியை எட்ட அதற்கு வலிமை இல்லை. ஆயினும், மலையைக் குடைந்து புகைவண்டி செல்வதுபோல, மிகச் சில துகள்கள் தடையினூடே நுழைந்து அப்பாற் செல்லுதல் கூடும் என்பதைக் காமோ முதலிய அறிஞர்கள் 1928 ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். ஏனையவற்றினும் சற்று விரைவு மிக்க துகள்களே அவ்வாறு நுழைகின்றன. ஞாயிற்றில் புரோட்டான் கார்பனுடன் கூடும் வினை, பெரும்பாலும் 25,000 எலக்ட்ரான் வோல்ட் அளவில் நிகழ்கின்றது.

அவ்வாற்றலில் வினை நிகழ்வது மிக மிக அரிது. ஞாயிற்றின் பெருமைக்கு அவ்வருமை ஒரு குறையன்று. எண்ணற்ற துகள்கள் அங்கே உள்ளன. வினை மெல்ல நிகழ்வதனாலேயே ஞாயிறு நெடுங்காலம் நின்று ஒளிர்கின்றது. ஆய்வுக்கூடத்திலோ நிலைமை வேறு. கோடிக்கணக்கான கோடித் துகள்களை மோதவிட்டாலும் ஒன்றிரண்டே வினைபுரியும். அந்த ஒன்றிரண்டையும், வானிலிருந்து ஓயாது பொழியும் அண்டக்கதிர்கள் கருவிகளில் எழுப்பும் பொய்க்குறிகளினின்றும் பிரித்தறிதல் வேண்டும்.

1950 ஆம் ஆண்டில் ஃபவுலரும் அவர்தம் துணைவராகிய ஹால் என்பாரும், கார்பன் புரோட்டானை ஏற்கும் வினையை ஓரிலட்சம் எலக்ட்ரான் வோல்ட் அளவில் அளந்து முடித்தனர். அதற்கும் ஞாயிற்றில் நிலவும் அளவிற்கும் இடையே நான்கு மடங்கு வேறுபாடு எஞ்சியிருந்தது. நான்கு மடங்குதானே என்று எண்ணலாம். ஆனால், ஆற்றல் அந்நான்கு மடங்கு குறைவதற்குள், வினை நிகழும் வாய்ப்பு ஒரு கோடி மடங்கிற்கும் மேலாகக் குறைந்துவிடும். அவ்விடைவெளியைக் கடக்க அறிஞர்கள் ஓர் உபாயம் கண்டனர். வாய்ப்பின் சரிவில் பெரும்பகுதி மலைத்தடையினால் விளைவது. அதனைக் கணக்கிட்டு நீக்கிவிடலாம். நீக்கியபின் எஞ்சுவது ஏறக்குறையச் சமமாக ஓடும் கோடாக இருக்கும். அக்கோட்டை அளந்த இடத்திலிருந்து அளவாத இடத்திற்கு நீட்டினால், ஞாயிற்றில் வினை நிகழும் வேகம் புலனாகும். கோடு எத்துணைத் திருத்தமாக வரையப்பெற்றதோ அத்துணைத் திருத்தமாகவே விடையும் அமையும். ஆகவே, ஒவ்வொரு புள்ளியையும் பன்முறை அளந்து சரிபார்ப்பது கெல்லாக் கூடத்தின் நெறியாயிற்று.

இவ்வளவீடுகளால் ஓர் உண்மை வெளிப்பட்டது. கார்பன், நைட்ரஜன் வழியே ஞாயிற்றின் ஆற்றல் பெரும்பாலும் பிறக்கின்றது என்று முன்னர்க் கருதப்பட்டது. நைட்ரஜன் புரோட்டானை ஏற்பது மிக மெதுவாகவே நிகழ்கின்றது என்பது அளவீட்டால் தெரிந்தபின், அக்கருத்து மாறியது. ஞாயிற்றில் புரோட்டானும் புரோட்டானும் நேரே கூடித் தொடங்கும் வழியே முதன்மையானது என்றும், ஞாயிற்றினும் பெரிய விண்மீன்களிலேயே கார்பன் வழி சிறக்கின்றது என்றும் அறிஞர் தெளிந்தனர்.

கார்பனின் புதிர்

விண்மீன்களில் ஹீலியம் உண்டாவது விளங்கிற்று. ஹீலியத்திற்குமேல் உள்ள தனிமங்கள் உண்டானது எவ்வாறு? ஐந்து துகள்களைக் கொண்ட கரு எதுவும் நிலைத்து நில்லாது. எட்டுத் துகள்களைக் கொண்ட பெரிலியமும் தோன்றிய நொடியிலேயே இரு ஹீலியங்களாகச் சிதைந்துவிடும். இவ்விரு பள்ளங்களையும் கெல்லாக் அளவீடுகளே உறுதி செய்திருந்தன. 1951 ஆம் ஆண்டில் அக்கூடத்திற்கு வந்த சால்பீட்டர் என்னும் இளைஞர், பெரிலியம் சிதைவதற்குள் மூன்றாவது ஹீலியம் வந்து மோதினால் கார்பன் பிறக்கும் என்று காட்டினார்.

1953 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து ஃபிரெட் ஹாயில் என்னும் வானியல் அறிஞர் பாசடீனாவிற்கு வந்தார். அவர் ஃபவுலரைக் கண்டு, வியப்பூட்டும் செய்தி ஒன்றைக் கூறினார். மூன்று ஹீலியங்கள் கூடும் வினை மிக மெதுவானது. அவ்வாறே விட்டால், தோன்றும் கார்பன் எல்லாம் ஆக்சிஜனாக மாறிவிடும். உலகில் கார்பன் எஞ்சியிராது. கார்பன் எஞ்சியிருப்பதால், அதன் கருவிற்கு 77 இலட்சம் எலக்ட்ரான் வோல்ட் அளவிற்கு அண்மையில் ஒரு கிளர்ச்சி நிலை இருந்தே தீரவேண்டும் என்பது அவர் கூற்று. விண்மீனை நோக்கி அணுக்கருவின் இயல்பை முன்னுரைத்தல் அதுகாறும் எவரும் கேட்டறியாதது. ஃபவுலர் முதலில் ஐயுற்றார். ஆயினும், ஐயம் காரணமாக அதனைப் புறக்கணித்துவிடவில்லை. அளந்து பார்த்தலே வழி என்பது அக்கூடத்தின் மரபன்றோ! அவ்வாண்டிலேயே வார்டு வேலிங் என்பாரும் அவர்தம் துணைவரும் ஆய்வு நிகழ்த்தினர். ஹாயில் கூறிய இடத்திலேயே அந்நிலை காணப்பட்டது. பின்னர், 1957 ஆம் ஆண்டில் ஃபவுலரும் துணைவரும், அந்நிலையில் உள்ள கார்பன் மூன்று ஹீலியங்களாகப் பிரிவதைக் காட்டினர். பிரியக்கூடியது கூடவும் கூடும் என்பதால், விண்மீனில் கார்பன் பிறக்கும் வழி ஐயமற விளங்கியது. நம் உடலிலும் உணவிலும் உள்ள கார்பன் அவ்வழியே வந்தது.

நால்வர் செய்த பெருநூல்

ஹாயிலிடம் ஃபவுலர் கொண்ட ஐயம் பெருமதிப்பாக மாறியது. 1954 ஆம் ஆண்டில் அவர் கேம்பிரிட்ஜ் நகருக்குச் சென்று ஓராண்டு தங்கினார். ஆங்கு ஜெஃப்ரி பர்பிட்ஜ், மார்கரெட் பர்பிட்ஜ் என்னும் கணவன் மனைவியரின் நட்பும் வாய்த்தது. பின்னர் நால்வரும் பாசடீனாவில் கூடினர். பெண் என்பதனால் மவுண்ட் வில்சன் வானாய்வு நிலையத்தின் தொலைநோக்கியை மார்கரெட் தம் பெயரால் பயன்படுத்த இசைவு கிடைக்காத காலம் அது. ஆதலால், கணவரின் உதவியாளர் என்னும் பெயரிலேயே அவர் வானை ஆராய்ந்தார். மார்கரெட்டுக்குக் கெல்லாக் கூடத்தில் ஆராய்ச்சிப் பணி கிடைத்தது.

நால்வரும் இயற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை 1957 ஆம் ஆண்டில் வெளிவந்தது. நூற்றுநான்கு பக்கங்களைக் கொண்ட அக்கட்டுரை, ஹைட்ரஜன் முதல் யுரேனியம் ஈறாகத் தனிமங்கள் பிறக்கும் வழிகளை முறைப்படுத்திக் காட்டியது. இரும்புவரை உள்ளவை பெரும்பாலும் விண்மீனின் உலையில் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகின்றன. அதற்குமேல் உள்ளவை நியூட்ரான்களை மெல்லவோ விரைந்தோ ஏற்று வளர்கின்றன. விண்மீன் வெடித்துச் சிதறுங்கால் அவை வெளியில் பரவிப் புதிய விண்மீன்களுக்கும் கோள்களுக்கும் மூலப்பொருளாகின்றன. குருதியில் உள்ள இரும்பும் எலும்பில் உள்ள சுண்ணச் சத்தும் என்றோ மறைந்த விண்மீன்களின் ஈகையே ஆகும்.

தம் அளவையே ஐயுற்ற பண்பு

ஃபவுலரின் அளவைகளுக்குக் கடுஞ்சோதனை ஒன்று வந்தது. ஞாயிற்றின் நடுவில் வினை நிகழுங்கால் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் பிறந்து, தடையின்றி வெளியேறி நிலவுலகை அடைகின்றன. அவற்றை எண்ணினால் ஞாயிற்றின் அகத்தை நேரே கண்டது போலாகும். 1958 ஆம் ஆண்டில் வெளியான புதிய அளவீடு ஒன்றால் அவற்றை எண்ணும் வாய்ப்பு உண்டென உணர்ந்த ஃபவுலர், ரேமண்டு டேவிஸ் என்னும் வேதியியல் அறிஞருக்கு அதனை அறிவித்தார். டேவிஸ் தெற்கு டக்கோட்டா மாநிலத்துப் பொற்சுரங்கம் ஒன்றில், ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில், துணி வெளுக்கும் திரவம் நிறைந்த பெருந்தொட்டி அமைத்து எண்ணத் தொடங்கினார். 1968 ஆம் ஆண்டு முதல் வந்த முடிவுகள் யாவரையும் திகைக்கச் செய்தன. கணக்கிட்டதில் மூன்றில் ஒரு பங்கு நியூட்ரினோக்களே கிடைத்தன.

பிழை எங்கே? டேவிஸின் எண்ணிக்கையிலா? ஞாயிற்றைப் பற்றிய கொள்கையிலா? அன்றி, ஃபவுலர் அளந்து நீட்டிய கோட்டிலா? தம் பணியைக் காத்துப் பேசுதல் மனித இயல்பு. ஃபவுலரோ 1972 ஆம் ஆண்டில், பிழை தம் பக்கத்தில் இருத்தல் கூடும் என்று தாமே எடுத்துக்காட்டினார். இரு ஹீலியம்-3 கருக்கள் கூடும் வினையில், எவரும் அளவாத மிகக் குறைந்த ஆற்றலில் ஒரு மறைந்த நிலை இருக்குமாயின், அவ்வினை விரைந்து நிகழ்ந்து நியூட்ரினோக்களின் தொகை குறைந்துவிடும் என்று அவர் எழுதினார். நீட்டிய கோட்டை நம்பிவிடாது, அவ்விடத்தையே அளந்து பார்க்கவேண்டும் என்பது அதன் கருத்து.

அவ்வளவீடு இத்தாலி நாட்டில் நிறைவேறியது. கிரான் சாசோ என்னும் மலையின் அடியில், 1,400 மீட்டர் பாறை அண்டக்கதிர்களைத் தடுத்து நிற்க, அறிஞர்கள் சிறியதொரு பொறியை அமைத்து, ஞாயிற்றில் நிலவும் ஆற்றலிலேயே அவ்வினையை அளந்தனர். மிகக் குறைந்த அளவில் திங்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகளே புலப்பட்டன. 1999 ஆம் ஆண்டில் வெளியான முடிவு, அங்கு மறைந்த நிலை எதுவும் இல்லை என்று உறுதி செய்தது. நியூட்ரினோக்கள் வரும் வழியில் ஒரு வகையிலிருந்து மற்றொரு வகையாக மாறுகின்றன என்பதை 2001, 2002 ஆம் ஆண்டுகளில் கனடா நாட்டு ஆய்வு மெய்ப்பித்தது. டேவிஸ் எண்ணியதும் சரி, ஃபவுலர் அளந்ததும் சரி, மாறியவை நியூட்ரினோக்களே.

மற்றொரு வினையில் முடிவு வேறாயிற்று. நைட்ரஜன் புரோட்டானை ஏற்கும் வினையை அதே மலையடியில் அளந்தபோது, அதுகாறும் கருதியதைவிட ஏறத்தாழப் பாதி வேகத்திலேயே அது நிகழ்கின்றது என்று 2004 ஆம் ஆண்டில் தெரிந்தது. அதனால் மிகப் பழைய விண்மீன் கூட்டங்களின் அகவை ஏறக்குறைய நூறு கோடி ஆண்டு உயர்த்தி எண்ணப்பட்டது. அளவை திருந்துவது அளந்தவர்க்கு இழுக்கன்று. அவர் வகுத்த நெறி வாழ்கின்றது என்பதற்கு அதுவே சான்று.

சிறப்பும் மறைவும்

1983 ஆம் ஆண்டில் இயற்பியலுக்குரிய நோபெல் பரிசு ஃபவுலருக்கும் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. சந்திரசேகர், லாகூரில் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றவர். விண்மீன் எவ்வாறு முடிவெய்துகின்றது என்பதைக் கணக்கினால் கண்டவர் ஒருவர். அஃது எவ்வாறு எரிகின்றது என்பதை அளந்து கண்டவர் மற்றொருவர். ஹாயிலுக்கு அப்பரிசில் பங்கு கிடைக்காதது பலர்க்கும் வருத்தம் தந்தது. ஃபவுலரோ, விண்மீன்களில் தனிமங்கள் பிறக்கின்றன என்னும் பெருங்கருத்தை 1946 ஆம் ஆண்டிலேயே நிலைநாட்டியவர் ஹாயில்தான் என்பதையும், லாரிட்சனுக்கு அடுத்துத் தம் வாழ்வை உருவாக்கியவர் அவரே என்பதையும் மறையாது எழுதி வைத்தார்.

ஃபவுலர் 1995 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14 ஆம் நாள் பாசடீனாவில் மறைந்தார். விண்மீன் நெடுந்தொலைவில் உள்ளது. அதன் அகத்தைக் கண்டாரும் இலர். சென்று தொட்டாரும் இலர். ஆயினும், ஒரு சிறு கூடத்தில் அமர்ந்து பொறுமையுடன் அளந்து அதன் உள்ளத்தை அறியலாம் என்பதை ஃபவுலரின் வாழ்வு காட்டுகின்றது. பிறர் கூற்றை அளவாமல் தள்ளாமையும், தம் அளவையே அளவாமல் நம்பாமையும் அவரிடம் ஒருங்கே விளங்கிய இரு பெரும் பண்புகள். அறிவு வளர்வது அவற்றால்தான்.